ஒரு கோழிகூட முழிக்கவில்லை

கோழிக்கு ஏன் மூக்கு வெட்டுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? லைப்ரரி சயின்ஸ் படித்த எனக்கும் தெரியாது. நேர்காணல் என்று கூப்பிட்டு, ஞானக்குன்று உறைவிடப் பள்ளியின் கரஸ்பாண்டன்ட் பொன்னுரங்கம்தான் கற்றுக்கொடுத்தார்.

கூண்டில் நெருக்கி அடைத்தால் கோழிகள் ஒன்றையொன்று கொத்தும். கொத்துப்பட்ட கோழி முட்டை போடாது. ஆகவே குஞ்சாக இருக்கும்போதே சூடான தகட்டில் வைத்து அலகின் நுனியைத் தீய்த்துவிடுவார்கள். அதெல்லாம் பழைய காலம். இப்போது தலையில் மெல்லிய பட்டை ஒன்று. மாட்டியதும் கோழிக்குத் தான் ஒரு கோழி என்பதே மறந்துபோகும். தின்னும், குடிக்கும், முட்டை போடும். யாரையும் கொத்தாது.

"அதே கம்பெனிதான் கண்ணு நம்ம பிள்ளைங்களுக்கும் செஞ்சு குடுத்திருக்குது," என்றார். ஒரே தறியில் நெய்த இரண்டு சேலைகளை விரித்துக் காட்டுகிற கடைக்காரரின் பெருமை அந்த முகத்தில்.

அவருக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் பள்ளி, அந்தப் பக்கம் கோழிப்பண்ணை. இரண்டுக்கும் ஒரே ஜெனரேட்டர், ஒரே கணக்குப்பிள்ளை, ஒரே நாற்றம். பேச்சும் ஒன்றுதான். "இந்த பேட்ச் நல்ல பேட்ச்" என்று போனில் சொன்னால் முட்டையைச் சொல்கிறாரா, பன்னிரண்டாம் வகுப்பைச் சொல்கிறாரா என்று கடைசிவரை தெரியாது. "ஒன்றரை வருசத்துல கழிச்சு லாரி ஏத்திருவோம்" என்று முடித்தால் கோழி. "ரெண்டு வருசத்துல மெடிக்கல் காலேஜ்ல ஏத்திருவோம்" என்றால் பிள்ளைகள்.

என் பெயரைக் கேட்டார். செல்லக்கிளி என்றேன்.

"கிளியா? பரவால்ல. நம்மகிட்ட எல்லாப் பறவைக்கும் எடம் இருக்குது."

அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் 'லைப்ரரி கண்ணு'. சமையல்காரர் 'மெஸ்ஸு'. அவ்வளவுதான் எங்கள் அடையாளம்.

அப்படியானால் வேலையை ஏன் ஒப்புக்கொண்டாய் என்பீர்கள். எங்கள் வீட்டில் நான் முதல் பட்டதாரி. அதற்குச் சான்றிதழ்கூட வைத்திருக்கிறேன். உன் வீட்டில் உனக்கு முன்னால் ஒருவரும் படிக்கவில்லை என்று ஆபீஸ் ஆபீஸாகப் போய் நிரூபித்தால் அரசாங்கம் கொடுக்கும். என் அப்பா அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று, அவர்களையே பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு, ஒவ்வொரு மேசை முன்பும் சத்தமாகச் சொல்லி வாங்கிய காகிதம் அது. அப்படி வாங்கிப் படித்தவளுக்கு எங்கள் பக்கத்தில் இருந்த ஒரே நூலக வேலை இது. ஒப்புக்கொண்டேன். நான் கோபப்பட்டாலும் அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தேன். அதுவும் தப்பு.

பட்டைக்குக் கம்பெனி வைத்த பெயர் 'ஏகாக்ரா', ஒருமுகக் கவனம் என்று அர்த்தமாம். தமிழ்ப் பிள்ளைகளின் தலையில் எதை மாட்டுவதாக இருந்தாலும் அதற்குச் சமஸ்கிருதத்தில் ஒரு பெயர் வைத்துவிட வேண்டும். பெற்றோருக்கு அப்போதுதான் நம்பிக்கை வரும். பிள்ளைகள் அதைக் கொண்டை என்றார்கள். சேவலுக்கு இருக்குமே, அந்தக் கொண்டை. சரியான வார்த்தை எப்போதும் பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கிறது.

கொண்டைக்குப் பொறுப்பு டாக்டர் முகுந்தன். டாக்டர் என்றால் கால்நடை டாக்டர். சேர்ந்த புதிதில் அவரிடம் போய், இது பிள்ளைகளை என்ன செய்யும் என்று கேட்டேன்.

"மூளைக்குள்ள 'நான் நான்'னு ஒரு பேச்சு ஓடிட்டே இருக்கும்ல மேடம். எனக்குப் பசிக்குது, எனக்கு போரடிக்குது, என்னை எதுக்கு இங்க கொண்டுவந்து விட்டாங்க. அதை மட்டும் அமத்தி வைக்குது. மத்ததெல்லாம் வேலை செய்யும். படிப்பாங்க, எழுதுவாங்க, கேள்வி கேட்டா பதில் சொல்வாங்க."

"அப்ப யாரு படிக்கிறது?"

அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே யோசித்தார்.

"படிப்பு நடக்குது மேடம்," என்றார்.

இதில் ஆபத்தே இல்லையா என்று கேட்டதற்கு, கோழிகளுக்கு ஆயுள் முழுக்க மாட்டிச் சோதித்துவிட்டோம், ஒரு கோழிகூட நடுவில் முழித்ததில்லை என்றார். எனக்கு நிம்மதியாகிவிட்டது. கோழியின் அத்தாட்சிக்கு மேல் என்ன வேண்டும்?

ஞாயிறு சாயங்காலம் மாட்டினால் அடுத்த ஞாயிறு மதியம்தான் கழற்றுவார்கள். ஞாயிறு சாயங்காலம்வரை பிள்ளைகள் பிள்ளைகளாக இருக்கலாம். வீட்டுக்குப் போன் பேசலாம், துணி துவைக்கலாம், நூலகத்துக்கு வரலாம். அவர்கள் நினைவில் ஞாயிற்றுக்குப் பிறகு வருவது அடுத்த ஞாயிறு. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, தனக்கு இன்னும் பதினைந்து முடியாத மாதிரியே இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். கணக்குப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி.

பெற்றோருக்குப் பரம திருப்தி. பிள்ளை அழுவதில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று கெஞ்சுவதில்லை. எங்க பொண்ணுக்குக் கஷ்டமே தெரியறதில்லீங்க என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பூரித்தார்கள். நானும் கஷ்டப்பட்டுத்தான் படித்தேன். தெருவிளக்கிலெல்லாம் இல்லை, அந்தக் கதையை மேடைப் பேச்சாளர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். பசித்தது, போரடித்தது, பக்கத்தில் உட்கார்ந்தவளைக் கிள்ளினேன், அவளும் கிள்ளினாள். ஆனால் நான் படித்தபோது நான் அங்கே இருந்தேன்.

பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெண்கள் விடுதி வார்டன் நாகரத்தினத்துக்கும் கொண்டை உண்டு. வார்டன்கள் பிள்ளைகள்மேல் பாசம் வைத்துவிடுகிறார்களாம், ஒழுங்கு கெடுகிறதாம். ஆகவே பள்ளியில் கொண்டை வந்த முதல் நாளே அந்த அம்மாவுக்கும் மாட்டிவிட்டார்கள். அவருக்கு ஞாயிறு விடுமுறையும் கிடையாது. இடுப்பில் சாவிக்கொத்தோடு, விட்ட இடத்தில் நிற்பார்; படிப்பு நேரத்தில் ஹாலில், பிள்ளைகள் படிக்கிற திரைகளைப் பார்த்தபடி. நான் அவரை நடக்கிற பீரோ என்றுதான் நினைத்திருந்தேன்.

கொண்டை ஒத்துக்கொள்ளாமல் போனால் என்ன செய்வார்கள் என்பதற்கு ஆர்த்திகா இருக்கிறாள். போன பேட்ச். படிப்பு நேரத்தில் ஒருநாள் என்னவோ நினைத்துச் சிரித்துவிட்டாள். கொண்டை அமர்த்துகிற அளவை இரட்டிப்பாக்கினார்கள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. மருத்துவக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. அவள் படம் இப்போது ஊரில் ஓடுகிற பாதி பஸ்களின் முதுகில் இருக்கிறது. இனிப்புக் கொடுக்க வந்த அவள் அம்மாவிடம், பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கழற்றி ஆறு மாசம் ஆச்சுங்க என்றார்.

"சாப்புடுன்னு சொன்னாத்தாங்க சாப்புடறா. போதும்னு சொல்ற வரைக்கும் சாப்புட்டுட்டே இருக்கறா."

அந்த இனிப்பை நான் இன்னும் தின்னவில்லை.

சரி, நூலகத்துக்கு வருவோம். என் அலமாரிகளில் தங்க எழுத்து அட்டை போட்ட பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகள் வரிசையாக நின்றன. பூச்சிகள் ஆர்வமாகப் படித்துக்கொண்டிருந்தன. பிள்ளைகள் எடுத்ததெல்லாம் ஒரே வகை. ஜோம்பிக் கதை. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிவந்து நான் போட்டது. அட்டையில் பச்சை முகம், கடைவாயில் ரத்தம், பின்னால் எரிகிற பஸ். பக்கம் உதிர்ந்து, நூல் பிரிந்து, அப்படியும் விடாமல் கைமாறின.

கரஸ்பாண்டன்ட்டுக்கு இது கவலை தந்தது. வளரிளம் பருவத்தினர் ஏன் நடைப்பிணக் கதைகளை விரும்புகிறார்கள் என்று விளக்க ஒரு உளவியல் நிபுணரை அழைத்துவந்தார். நிபுணர் ஹார்மோன் என்றார். பிறகும் ஹார்மோன் என்றார். கொண்டை மாட்டிய பிள்ளைகள் சரியான இடங்களில் கை தட்டினார்கள். இவ்வளவு கவனமான கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை என்று நிபுணர் நெகிழ்ந்துபோனார்.

நான் ஞாயிறு மதியம் பிள்ளைகளையே கேட்டேன். ஜோம்பி வந்தால் முதலில் பள்ளிக்கூடத்துக்குத்தான் லீவு விடுவார்கள் என்றாள் ஒருத்தி. அந்தக் கதைகளில் யாரும் யாரிடமும் மார்க் கேட்பதில்லை என்றாள் இன்னொருத்தி. சொந்தக்காரர்களைச் சுடலாம், கேஸ் வராது என்றாள் மூன்றாமவள். முதலில் யாரை என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, "எங்க சித்தப்பாவ மிஸ்" என்றாள். ஹார்மோன் என்று யாரும் சொல்லவில்லை.

கனிஷ்கா மட்டும் வாயைத் திறக்கவில்லை. ராசிபுரம் பக்கத்துப் பெண். அப்பா முட்டை லாரி ஓட்டியவர். அவள் எடுத்துப்போய்த் திரும்பக் கொடுக்கிற எல்லாப் புத்தகங்களிலும் ஒரு பக்கத்தின் ஓரம் மடிந்திருக்கும். மற்றவர்கள் போன பிறகு அவளை நிறுத்தி வைத்துக் கத்தினேன். புத்தகத்தை மடிக்கிறவர்களை எனக்கு ஜோம்பியைவிடப் பிடிக்காது.

"எல்லாக் கதையிலயும் இந்த எடம் வரும் மிஸ்," என்றாள். "செத்துப்போன அப்பா எந்திரிச்சு வருவாரு. இவ பாப்பா. அப்பா மாதிரியே இருப்பாரு, ஆனா அப்பா இல்ல. அப்பறம் போயிட்டு வாங்கப்பான்னு சொல்லிட்டு இவ போயிருவா."

அதற்காக மடிக்கணுமா என்றேன். முட்டாள் நான்.

"எங்கப்பா போன வருசம் செத்துட்டாரு மிஸ். பரீட்ச நேரம். கொண்டையக் கழட்டுனா பிள்ள மனசு கெட்டுரும்னு மாமா சொல்லிட்டாராம். அப்படியே கார்ல கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வந்துட்டாங்க. தலமாட்டுல உக்காந்திருந்தனாம். வாய்க்கரிசி போட்டனாம். போட்டோல இருக்கறேன் மிஸ். நல்லா நிமுந்து உக்காந்திருக்கறேன்."

எனக்கு வாய் நீளம் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு, மடிந்த ஓரத்தை நிமிர்த்தாமலே புத்தகத்தை அலமாரியில் வைத்தேன். ஜோம்பி என்பதற்குத் தமிழில் நடைப்பிணம் என்று பழைய சொல் இருக்கிறதே, அதை நாம் திட்டுவதற்கு மட்டும்தான் பயன்படுத்துகிறோம். இங்கே பிணத்தின் தலைமாட்டில் நடைப்பிணத்தை உட்காரவைத்துப் போட்டோவே எடுத்திருக்கிறார்கள்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு சொன்னாத் திட்டக் கூடாது மிஸ். ரெண்டு மாசமா எனக்குக் கொண்ட வேல செய்யறதில்ல. எல்லா நாளும் முழிச்சுட்டுத்தான் இருக்கறேன்."

எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டேன். ஜோம்பிக் கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் கதையில் என்ன செய்வார்களோ அதைத்தான் என்றாள். ஜோம்பி மாதிரியே நடப்பது. கண்ணை ஒரே இடத்தில் வைத்துக்கொள்வது. கூப்பிட்டால் உடனே திரும்பாமல் இருப்பது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் தட்டாமல் இருப்பது.

"ஈதான் மிஸ் கஷ்டம். பண்ணை பக்கத்துலயே இருக்குதுல்ல."

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "சுத்தி எல்லாரும் செத்துப்போயிட்டாங்க, நான் ஒருத்திதான் உசுரோட இருக்கறேன். டாக்டர் சார்கிட்டச் சொன்னா ஆர்த்திகாக்காவுக்கு வெச்ச மாதிரி வெச்சுருவாங்க. எங்கப்பாவுக்கு நான் இன்னும் அழுவல மிஸ். அழுவலாம்னு பாத்தா வர மாட்டேங்குது, அந்தப் பக்கத்தப் படிச்சா மட்டும் கொஞ்சம் வருது. அதுக்குள்ள என்னைய அமத்திட்டாங்கன்னா, அப்பறம் யாரு அழுவறது?"

நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் நாகரத்தினம் தீயணைப்பு உருளையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. நல்லவேளை, பீரோவுக்குக் காது கேட்காது.

அந்த வாரமே கரஸ்பாண்டன்ட் அறைக்கு அழைப்பு வந்தது. படிப்பு ஹாலில் மேசைக்கு அடியில் ஜோம்பிக் கதையின் பக்கம் ஒன்று கிடைத்திருந்தது. புத்தகத்திலிருந்து கிழிந்தது. அதுவும் ஞாயிறு அல்லாத நாளில். எந்தப் பக்கம் என்று நான் எட்டிப் பார்க்கத் தேவையில்லை, ஓரம் மடிந்திருந்தது.

"யாரோ ஒருத்தங்க முழிச்சிருக்காங்க மேடம்," என்றார் முகுந்தன். யார் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பிரச்சினை. பட்டை நாடித்துடிப்பை மட்டுமே படிக்கும். முழித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவளுக்கும் அமர்த்தப்பட்டவளுக்கும் அதில் வித்தியாசம் தெரியாது. பயந்தால் தெரியும், அழுதால் தெரியும், கோடு மேலே போகும். ஆகவே படிப்பு நேரத்தில் எல்லார் திரையிலும் ஒரு ஜோம்பிக் கதையைப் போடப்போகிறார்கள். "அமந்திருக்கறவங்களுக்கு அது வெறும் எழுத்து. முழிச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் அது கதை."

இவ்வளவு நாள் நான் படித்த இலக்கிய விமர்சனங்களில் இதைவிடத் தெளிவான ஒன்றைப் பார்த்ததில்லை.

கரஸ்பாண்டன்ட் நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு கோழி முழிச்சா பரவால்ல கண்ணு. அது பக்கத்துக் கோழியக் கொத்திரும் பாரு, அங்கதான் கேடு. அப்பறம் கூண்டே முழிச்சுக்கும்."

முழித்தவள் அகப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அளவைக் கூட்டுவோம் என்றார், உப்புப் பற்றாத குழம்பைப் பற்றிச் சொல்வதுபோல. கதையை நான் எழுத வேண்டுமாம்; பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத்தான் தெரியுமாம். எனக்கு எழுத வராது என்றேன். பரவாயில்லை, அப்படியானால் இதையே போட்டுவிடுவோம் என்று முகுந்தன் அந்தக் கிழிந்த பக்கத்தைக் கையில் எடுத்தார். படித்துவிட்டுத் தனக்கே கண் கலங்கிவிட்டது என்றார்.

எழுதுகிறேன் என்றேன்.

"அப்பா வர்ற சீன் மட்டும் கண்டிப்பா இருக்கணும் மேடம். அது யாரையும் விடாது."

"அப்படியே நடுவுல ஒரு பிசிக்ஸ் கணக்கு வெச்சுரு கண்ணு," என்றார் கரஸ்பாண்டன்ட். "பிள்ளைங்க நேரம் வீணாகக் கூடாது பாரு."

சோதனை புதன்கிழமை. நடுவில் ஞாயிறு கிடையாது. கனிஷ்காவிடம் முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. வார நாளில் நான் ஹாலுக்குள் போகக் கூடாது. சொல்ல வேண்டியது எதுவானாலும் கதைக்குள்தான் சொல்ல வேண்டும். அதையும் முகுந்தன் முதலில் படிப்பார். என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் கதை, யாரும் அழாமல் இருப்பதற்காக எழுதியது. எழுத்தாளர்கள் சிரமப்படாமலே இதைச் செய்துவிடுகிறார்கள். நான் எழுதியதைவிட அடித்ததுதான் அதிகம். முக்கியமான இடம் இதுதான்:

'பிணங்கள் எல்லாம் வலது காலை இழுத்து நடந்தன. நடுவே அவள் போனாள். எதிரே அப்பா வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், உயிரோடு இருந்தபோது போட்டதுபோலவே. அவளுக்கு அழுகை வந்தது. அழுகை எங்கும் ஓடிவிடாது, ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்கும், அன்றைக்குத் துணைக்கு ஆளும் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நான்கு எண்ணி மூச்சை இழுத்தாள். ஆறு எண்ணி விட்டாள். மறுபடி நான்கு. மறுபடி ஆறு. அப்பா அவளைத் தாண்டிப் போனார். தன்னைப்போல் உயிரோடு இன்னொருத்தி இந்தக் கூட்டத்தில் இருந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்று, அவள் மட்டும் இடது காலை இழுத்து நடந்தாள்.'

கீழே கணக்கு: தந்தை மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்திலும் மகள் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்திலும் எதிரெதிரே நடக்கின்றனர், இடைத்தூரம் ஐம்பது மீட்டர் எனில் அவர்கள் எவ்வளவு நேரத்தில் சந்திப்பர்?

கனிஷ்காவுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் அந்த இடது கால். முகுந்தன் படித்துவிட்டு, கால் விஷயம் நல்ல லாஜிக் மேடம் என்று பாராட்டினார்.

ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருந்தது அந்தத் திரை. மேல் பாதியில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களின் நாடிக் கோடுகள். கீழ்ப் பாதியில் கோழிக் கொட்டகை. ஒரே திரையாக வாங்கினால் செலவு மிச்சம். கரஸ்பாண்டன்ட் பாக்கு மென்றுகொண்டிருந்தார். கதை பிள்ளைகளின் திரைக்குப் போனது.

நான் ஒரே ஒரு கோட்டைத்தான் தேடினேன். எது அவளுடையது என்று தெரியாததால் எல்லாவற்றையும் பார்த்தேன். அப்பா வரும் இடத்துக்கு வந்துவிட்டார்கள் என்று முகுந்தன் சொன்னார். ஒரு கோடும் மேலே போகவில்லை. அப்பா தாண்டிப் போய்விட்டார் என்றார். ஒன்றும் அசையவில்லை. அசைந்தது என்றால், எல்லாக் கோடுகளும் மெல்லக் கீழே இறங்கின.

"பாருங்க மேடம், துடிப்பு இன்னும் குறையுது. அவ்வளவு ஆழமா அமந்திருக்காங்க."

எல்லாரும் கணக்குக்குச் சரியான விடை எழுதியிருந்தார்கள். முப்பத்தாறு விநாடி. கரஸ்பாண்டன்ட் பாக்கைத் துப்பிவிட்டு வந்து, முழித்த கோழி எதுவும் இல்லை, அந்தப் பக்கத்தை எலி இழுத்துப் போட்டிருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார். எலிக்குப் புத்தி இருந்தால் அதுகூட அந்தப் பக்கத்தைத்தான் இழுக்கும்.

நான் மூச்சு விட்டேன். ஆறு எண்ணி.

சாயங்காலம் மூவரும் முற்றத்துக்கு வந்தபோது படிப்பு ஹால் விட்டிருந்தது. பிள்ளைகள் வரிசையாக மெஸ்ஸுக்குப் போகிற நேரம். தினமும் பார்க்கிற வரிசைதான்; கண் ஒரே இடத்தில், கை விலாவோடு, பேச்சு மூச்சு இல்லை. கனிஷ்காவைத் தேடினேன். நடுவில் வந்துகொண்டிருந்தாள். மூக்கில் ஒரு ஈ. தட்டவில்லை. அவள் கால்களைப் பார்த்தேன்.

இடது காலை இழுத்து நடந்தாள்.

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம்போல இருந்தது. புதன்கிழமை என்பதால் அழவில்லை. அப்போதுதான் அவளுக்கு முன்னால் போகிறவளைப் பார்த்தேன். சித்தப்பாவைச் சுடுகிறேன் என்றவள். அவளும் இடது காலை இழுத்தாள். பின்னால் வந்தவளைப் பார்த்தேன். அவளுக்கும் பின்னால் வந்தவளை. வரிசையின் வால்வரை பார்த்தேன். சிமெண்டுத் தரையில் எத்தனை இடது செருப்புகள் உண்டோ அத்தனையும் ஒன்றாகத் தேய்ந்தன.

ஒரு கோழிகூட முழித்ததில்லை. உண்மைதான் முகுந்தன் சார். ஒன்றரை வருஷத்தில் கழித்து லாரியில் ஏற்றிவிட்டால் எந்தக் கோழி முழிக்கும்? அதற்குமேல் கொண்டையோடு உயிர்வாழ்ந்த கோழி உலகத்திலேயே கிடையாது. பிள்ளைகளை மட்டும்தான் நீங்கள் இரண்டு வருஷம் வைத்திருந்தீர்கள். ஒவ்வொருத்தியாக முழித்திருக்கிறார்கள். முழித்தவள் சுற்றிப் பார்த்திருக்கிறாள். எல்லாரும் பிணமாக நடந்துகொண்டிருந்தார்கள், அவளைப் பார்த்துப் பயந்து. தன் கொண்டை மட்டும்தான் பழுது, தான் ஒருத்திதான் உயிர் என்று நினைத்து அவளும் பிணமாக நடந்திருக்கிறாள். ஞாயிறு வந்தால் ஓடிவந்து என் அலமாரியில் அதே கதையை எடுத்திருக்கிறாள். இவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் ஹார்மோன்.

இப்போது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. முகம் அசையவில்லை, கண் அசையவில்லை. ஆனால் ஒவ்வொருத்தியும் முன்னால் போகிறவளின் காலைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தாள்.

"என்ன ஒழுங்கு பாத்தியா கண்ணு," என்றார் கரஸ்பாண்டன்ட். "காலக்கூட ஒண்ணாட்டம் எடுத்து வெக்குதுங்க."

"ஆமாங்க சார்."

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசை இடப்பக்கம் திரும்பினால்தான் மெஸ். திரும்பவில்லை. வரிசையின் தலைப்பக்கம் பார்த்தேன். நாகரத்தினம் போய்க்கொண்டிருந்தார். அந்த அம்மா தலையில் கொண்டை ஏறி மூன்று வருஷம் ஆகிறது. கண்ணை எங்கேயோ நட்டுவைத்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து, நேராக நடந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் இடுப்புச் சாவிக்கொத்து கலகலவென்றது. நேராகப் போனால் கேட்.

முகுந்தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார், விளம்பரத்துக்கு ஆகும் என்று. கரஸ்பாண்டன்ட் முகம் முழுக்கச் சிரிப்பாக நின்றார். பாவம், அவர் ஜோம்பிக் கதை ஒன்றுகூடப் படித்ததில்லை. படித்திருந்தால், கூட்டம் கேட்டை நெருங்குகிற பக்கத்தில் இப்படிச் சிரித்துக்கொண்டு நிற்க மாட்டார்.